ரெண்டு கட்டை

வெடித்து முடித்த பட்டாசுக்கு ஒரு வாசனை உண்டு. நனைந்த சிவப்புக் காகிதம், கொஞ்சம் கந்தகம், கொஞ்சம் நேற்று.

அது மூக்கில் பட்டால் எனக்கு உடனே எங்காவது கிளம்ப வேண்டும் போலிருக்கும். எஸ்டேட்டில், சீனப் பெருநாளுக்கு மறுநாள், சீன முதலாளி தவுக்கேயின் கடை வாசலில் வெடிக்காத பட்டாசுகளைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு திரிந்த பிள்ளைகளில் நானும் ஒருவன். மாவுச் சாக்கில் அம்மா தைத்துக் கொடுத்த பைதான் என் முதல் பை. அதில் நான் சுமந்த முதல் சாமான் — வெடிக்காத வெடி. அன்றிலிருந்து பை என்றாலே எனக்கு ஒரு குறுகுறுப்பு. உள்ளே என்ன இருக்கும்? எப்போது வெடிக்கும்?

போன வாரம் பீடோரில் ஈப்போ பஸ்ஸில் ஏறியபோது அந்த வாசனை எனக்கு முன்னாலேயே ஏறி சீட்டுப் பிடித்திருந்தது. பெருநாள் விடுமுறை முடிந்து அரசாங்க ஆபீசுகள் திறந்துவிட்டன. சீனர் கடைகள் மட்டும் இன்னும் பலகைக் கதவைச் சாத்திக்கொண்டு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தன. பாதி முழித்து, பாதி தூங்கும் ஊர்.

பஸ்ஸில் எல்லாரும் ஜன்னலுக்குச் சண்டை போடுவார்கள். எனக்கு ஜன்னல் வேண்டாம். வெளியே என்ன தெரியும்? செம்பனை. அப்புறம்? இன்னும் செம்பனை. உள்ளே பாருங்கள், ஒவ்வொரு மடியிலும் ஒரு பை. தோளில் மாட்டும் பிளாஸ்டிக் பை, ஜிப் பல் போன பை, விமானமே ஏறாதவர் கையில் விமானப் படம் போட்ட பை. முன்பெல்லாம் நம் பைகளில் சோறும் துணியும்தான் இருக்கும். இப்போது ஜப்பான்காரன் புகுந்துவிட்டான். பிஸ்கட் அளவுக்குக் கால்குலேட்டர், உள்ளங்கையில் அடங்கும் ஷேவர், கேமரா, கேசட்... கணக்குப் போடும் மூளையைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டோம். கண்ணைக் கழற்றி வைத்துவிட்டோம். இனி எதையெல்லாம் கழற்றுவோமோ!

சரி, என் பையில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். ஒரு குடை. தலைவலித் தைலம். ஒரு ஸ்க்ரூ டிரைவர்.

ஸ்க்ரூ டிரைவர் எதற்கு? தெரியாது. உலகத்தில் எங்காவது ஏதாவது ஒன்று லூசாகும்... அப்போது நான் பக்கத்தில் இருந்தால் நல்லதுதானே?

பஸ் தாமதமாகத்தான் கிளம்பியது. என் பக்கத்தில் ஒரு அம்மா. ஐம்பதைத் தாண்டியவர். கழுத்தில் சின்னச் சிலுவை, மடியில் பச்சைப் பை. தீப்பெட்டியைவிடப் பெரிய ஒரு டப்பா சட்டையில் குத்தியிருந்தது. அதிலிருந்து ஒரு வயர் ஏறி வலது காதுக்குள் போனது. எனக்கு அவருடைய முகத்தைப் பார்க்கவே தோன்றவில்லை. டப்பாவைத்தான் பார்த்தேன்.

"பாத்தது போதும் தம்பி," என்றார். "இது ரேடியோ இல்ல. காது மிசினு."

அவர் பெயர் அந்தோணியம்மா. எஸ்டேட் ரப்பர் ஆலையில், பால்கட்டியைத் தகடாக நசுக்கும் உருளைப் பக்கத்தில் நின்றே வயசு போனதாம். உருளை நசுக்கியது ரப்பரை மட்டும் இல்லை. இப்போது பீடோரில் மகன் வீட்டில் இருக்கிறார். மெஷின் வாங்கிக் கொடுத்தது மாதா கோயில் ஃபாதர்.

இவ்வளவும் தாப்பா தாண்டும் முன்னால். தாப்பா தாண்டியதும் நான் என்னவோ கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. டப்பாவை ஒரு தட்டுத் தட்டினார். இன்னொரு தட்டு. முகத்தில் இருந்த வெளிச்சம் சட்டென்று இறங்கியது.

"போச்சு!" என்று கத்தினார். காது கேட்காதவர்களுக்கு ரகசியம் பேச வராது. "தம்பி! கண்டக்டர் தம்பி! ரெண்டு கட்டை!"

கண்டக்டர் செல்வம் பெல்பாட்டம் தரையைக் கூட்ட முன்னாலிருந்து வந்தார். "ரெண்டு கட்டையா? ஈப்போவுக்கு டிக்கெட் எடுத்தீங்க, ரெண்டு கட்டையில எறங்குறேங்கிறீங்க?"

"ரெண்டு கட்டைலா! அவசரம்!"

செல்வம் அவரை மேலும் கீழும் பார்த்தார். முகம் கனிந்தது. டிரைவர் பக்கம் திரும்பி மலாயில் சொன்னார்: "பாங், கொஞ்சம் தள்ளி நிறுத்துங்க. இந்த அக்காவுக்கு வயிறு சரியில்ல போல."

கவனித்தீர்களா என்ன நடந்தது என்று? இந்தக் குழப்பம் உலகத்தில் வேறெங்கும் நடக்காது. ரோட்டோரக் கல்லில் மைல் எழுதியிருந்த காலத்திலேயே நாம் மைலுக்குக் கட்டை என்று பேர் வைத்துவிட்டோம். எட்டாங் கட்டையில் மாமன் வீடு, மூணாங் கட்டையில் கள்ளுக்கடை. கல்லைப் பிடுங்கிக் கிலோமீட்டர் நட்டாயிற்று. கட்டையைப் பிடுங்க முடிந்ததா? முடியவில்லை. சரி, டார்ச் லைட்டுக்குள் போடுகிறோமே, அதற்கு என்ன பேர்? அதுவும் கட்டைதான்! அந்தோணியம்மா கேட்டது பேட்டரி. ஒன்று போட, ஒன்று கைவசம் வைக்க. செல்வம் நிறுத்தியது பஸ்ஸை.

இரண்டு மைல் தள்ளி, ஆளரவமற்ற செம்பனைக் காட்டோரம் பஸ் நின்றது.

"எறங்குங்கக்கா. வெக்கப்படாதீங்க. பஸ் நிக்கும், போய்ட்டு வாங்க."

"என்னா?"

"போய்ட்டு வாங்கக்கா!"

"ஈப்போ வந்துருச்சா?" அந்தோணியம்மா ஜன்னல் வழியே காட்டைப் பார்த்தார். "எங்க வந்துருச்சு? வெறும் மரமால்ல இருக்கு!"

பஸ் முழுக்கச் சிரிப்பு. எனக்கும் வந்தது. ஆனால் அந்தோணியம்மா டப்பாவை மறுபடி மறுபடி தட்டிக்கொண்டிருந்தார். நான் டப்பாவைக் காட்டி, கையால் சாடை காட்டி, சிரிப்புக்கு மேலே கத்தி ஒருவழியாகச் செல்வத்துக்குப் புரியவைத்தேன்.

"அட, அந்தக் கட்டையா!" செல்வம் தலையில் அடித்துக்கொண்டார். "முன்னாடியே சொல்லக் கூடாதா அண்ணே? டிரைவர்கிட்ட என்னென்னமோ சொல்லிட்டேன்!" பக்கத் தகரத்தை டப் டப் என்று தட்டினார். பஸ் கிளம்பியது. "ஈப்போ போய் வாங்கிக்கலாம்லா. என்னா அவசரம்?"

அவர் உதடு அசைந்ததை வைத்தே அந்தோணியம்மாவுக்குக் கேள்வி புரிந்திருக்க வேண்டும். பஸ் மொத்தத்துக்கும் கேட்கும்படி பதில் வந்தது.

"இன்னைக்கு எனக்கு இன்டர்வியூ தம்பி! பிரஜை ஆவறதுக்கு! மலாயில கேள்வி கேப்பான். கேட்டாத்தான பதில் சொல்லலாம்? போன தடவ மிசினு இல்ல. என்ன கேட்டாலும் ஆமாங்கய்யாங்கிற மாதிரி யா துவான், யா துவான்னு தலைய ஆட்டிட்டேன். ஜெயிலுக்குப் போயிருக்கியான்னு கேட்டானாம். அதுக்கும் யா துவான்!"

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

பிரஜை அல்லாதவரின் அடையாள அட்டையான சிவப்பு ஐசி என்றால் என்ன என்று அந்த பஸ்ஸில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வீட்டுக்கு ஒருவராவது இருக்கிறார்கள். வேலைக்குப் போக பெர்மிட். பெர்மிட் முடிந்தால் மறுபடி பெர்மிட். பிள்ளைகள் நீலம், பெற்றவள் சிவப்பு.

"பொறந்தது சுங்காய் பக்கம் எஸ்டேட்டுலதான்," என்றார். அதைச் சொல்லும்போது குரல் தானாகத் தணிந்தது. "சாட்சி கேட்டா என்னா காட்டுவேன்? ஒரு ரப்பர் மரம்கூட மிச்சம் இல்ல. எல்லாத்தையும் செம்பனையா மாத்திட்டானுங்க."

ஈப்போவில் நம்மவர் கடைகள் திறந்திருக்கும்தான். ஆனால் அங்கே போய்த் தேடி, வாங்கி, ஆபீசுக்குத் திரும்புவதற்குள் பெயரைக் கூப்பிட்டு முடித்திருப்பார்கள். பஸ் ஏற்கெனவே லேட்.

அப்புறம் நடந்ததுதான் எனக்குத் திருவிழா. நான் யார் பையையும் எட்டிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை... பஸ்ஸே பையைத் திறந்தது.

செல்வம் டிரைவர் சீட்டுக்கு அடியிலிருந்து டார்ச்சை எடுத்து வந்தார். உள்ளே இருந்தவை குண்டுக் கட்டைகள். ஒன்று போட்டால் டப்பா பிரசவிக்கும். மெஷினுக்கு வேண்டியது விரல் பருமன் கட்டை. லீவில் போகும் ஒரு சிப்பாய் ஷேவரைத் திறந்தார். அது சுவரில் சொருகுகிற வகை. ஒரு டீச்சரம்மா பையிலிருந்து சின்ன ஃபேன் வந்தது, ஒரு லைட்டர் வந்தது... லைட்டர் வந்ததும் டீச்சரம்மா அவசரமாக, "எங்க வீட்டுக்காரரோடது," என்றார். நான் எதுவும் கேட்கவில்லை.

பிறகு கல்யாணத்துக்குப் படம் பிடிக்கிற ஆள் ஒருவர், பெரிய தோல் பையோடு. "ஃப்ளாஷ்ல இருக்கு. அதே சைஸ்தான்!" கட்டையைக் கழற்றினார். நான் மெஷினில் போட்டேன். அந்தோணியம்மா கண்ணை மூடினார். டப்பாவிலிருந்து ஒரு கர்ர்... அவர் முகம் மலர்ந்தது. கர்ர் நின்றது. முகமும் நின்றது.

"நேத்து ஒரு கல்யாணம்," என்றார் படக்காரர், ஏதோ துக்கம் சொல்வது போல. "மாப்ள வீட்ல எல்லாரும் ரெண்டு தடவ கண்ண மூடிட்டாங்க. கட்டையெல்லாம் அங்கயே தீந்துபோச்சு."

பஸ் அமைதியானது. அமைதி என்றா சொன்னேன்? இல்லை. கடைசி சீட்டில் ஒரு ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. பீடோரிலிருந்தே பாடிக்கொண்டிருந்தது. காண்டனீஸ் பெருநாள் பாட்டு, டங்கு டங்கென்று. காதுள்ள நாங்கள் எல்லாரும் பைகளைத் துழாவிக்கொண்டிருந்தோம். ஒருவருக்காவது அது கேட்டதா? கேட்டது, கேட்டது... ஆனால் கேட்கவில்லை.

கண்டுபிடித்தவர் அந்தோணியம்மா. அவர் பார்த்தார். சீட்டுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த ஏரியலை.

"அந்தா கொம்பு!" என்றார்.

கொம்புக்குக் கீழே ஒரு சீனர். வேனில் எஸ்டேட் எஸ்டேட்டாகப் போய் மீன் விற்பவர், பெயர் ஆ லெக். தமிழ் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் ஒரு சங்கடம். அவர் தமிழ் கற்றது மீன் வாங்க வரும் பெண்களிடம். அவர்கள் ஒருவரையொருவர் பேசிக்கொள்ளும் தமிழ்தான் அவருக்குத் தமிழ். மீசை வைத்த ஆளானாலும் அவருக்கு எல்லாரும் 'வாடி போடி'தான்.

நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் ரேடியோவை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"ஐயோ, உனக்குத் தெரியாதுடி," என்றார் என்னிடம். "நான் ஈப்போவுல பெரியப்பா வீட்டுக்குப் போறேன். வருஷா வருஷம் ஒரே கதை. ஜப்பான்காரன் வந்தான், பெரியப்பா ஈயக் குழியில ஒளிஞ்சான். மூணு மணி நேரம் ஒளியிறான்டி! ரேடியோ இல்லன்னா நான் செத்தேன்."

பாருங்கள் விசித்திரத்தை. ஒருவருக்குக் கேட்பதற்குக் கட்டை வேண்டும். இன்னொருவருக்குக் கேட்காமல் இருப்பதற்கு. இதில் எந்தத் தேவை பெரியது என்று யார் சொல்வது? உறவினர் வீட்டுக்குப் போய் வந்த எவரும் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள்.

அந்தோணியம்மா எழுந்து, கம்பியைப் பிடித்துப் பிடித்து, ஆடும் பஸ்ஸில் பின்னால் வந்தார். கெஞ்சவில்லை. "எனக்குக் கொஞ்சம் குடு தவுக்கே," என்றார். அவ்வளவுதான். மீன் கேட்பது போல.

ஆ லெக் அவரைப் பார்த்தார். பார்த்து, பெருமூச்சு விட்டு, ரேடியோவின் முதுகைத் திறந்தார். பாட்டு பாதி வார்த்தையில் செத்தது.

"எடுத்துக்கோடி. நல்ல புதுக் கட்டை. கெட்டுப்போயிருந்தா வந்து திட்டு," என்று மீன்காரத் தமிழிலேயே உத்தரவாதம் கொடுத்தார்.

ஒன்றை மெஷினில் போட்டோம். கர்ர் வந்தது. நிற்கவில்லை. கீ என்று ஒரு விசில் வேறு. அந்தோணியம்மா மெல்லக் கண்ணைத் திறந்தார். தகரம் ஆடும் சத்தம், எஞ்சின், யாரோ இருமுவது... எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்கிற முகம். பிறகு செல்வத்தைத் தேடிப் பிடித்தார்.

"அந்தக் காட்டுல நிறுத்திட்டு என்னமோ சொன்னியே தம்பி? இப்ப சொல்லு."

செல்வம் டிக்கெட் கட்டை எடுத்துக்கொண்டு முன்னால் ஓடிவிட்டார்.

எனக்கு ஈப்போவில் வேலை இருந்தது. நியாயமாக நான் என் வழியைப் பார்த்துப் போயிருக்க வேண்டும். ஆனால் கட்டை நடுவில் காலை வாரினால்? (உண்மை என்ன தெரியுமா? எனக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.) கூடவே போனேன்.

ஆபீஸ் கூடம். வரிசையாக மேசைகள். பெயரைக் கூப்பிட்டார்கள். அந்தோணியம்மாவுக்குக் கேட்டது! எழுந்து போய் உட்கார்ந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் கண்ணாடி போட்ட மலாய் ஆபீசர். நான் கொஞ்சம் தள்ளி பெஞ்சில்.

முதல் கேள்வி கேட்கும் முன்னால் மெஷின் கீ என்றது.

ஆபீசர் பேனாவை வைத்தார். வயரைப் பார்த்தார். வயர் போகும் டப்பாவைப் பார்த்தார். பிறகு கூடத்தைச் சுற்றிப் பார்த்து, பெஞ்சில் பையை மடியில் வைத்து முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்த ஓர் ஆளைப் பார்த்தார். என்னை.

அவர் என்ன நினைக்கிறார் என்று புரிய எனக்குச் சற்று நேரமானது. ரேடியோவில் யாரோ விடை சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று!

கூப்பிட்டார். போனேன். பையைத் திறக்கச் சொன்னார். அடுத்தவர் பையை வாழ்நாளெல்லாம் எட்டிப் பார்த்தவனுக்கு நேர்ந்ததைப் பாருங்கள். குடை. தைலம். ஸ்க்ரூ டிரைவர். அதைக் கையில் எடுத்து வெகு நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எதற்கு?"

எனக்கு மலாயிலும் பதில் தெரியவில்லை.

அந்தோணியம்மாதான் வாயைத் திறந்தார். பொறுக்கிச் சேர்த்த எஸ்டேட் மலாய், ஆனால் நிமிர்ந்து நின்ற மலாய். சட்டையிலிருந்து டப்பாவைக் கழற்றினார். மூடியைத் திறந்தார். கட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"பத்து ஹாபிஸ், சாயா பெக்காக்," என்றார்.

கட்டை தீர்ந்தால் நான் செவிடு.

பத்து என்றால் மலாயில் கல். மைலும் பத்துதான். பேட்டரியும் பத்துதான். நாம் கட்டை என்று எதையெல்லாம் சொல்கிறோமோ அதையெல்லாம் அவர்களும் ஒரே சொல்லில் போட்டு வைத்திருக்கிறார்கள். இரண்டு மொழிக்காரர்களும் எங்கே, எந்தக் கடையில் உட்கார்ந்து இதைப் பேசி முடித்தார்கள்? யாராவது தெரிந்தால் எழுதுங்கள், எனக்குத் தலை வெடித்துவிடும் போலிருக்கிறது.

கட்டை மேசையில் இருந்ததால் அப்போது அவருக்கு எதுவும் கேட்கவில்லை. ஆபீசர் என்ன சொல்கிறார் என்று தெரியாமலேயே பேசிக்கொண்டு போனார். உருளைச் சத்தத்தில் காது போனது. போன தடவை ஜெயிலுக்குப் போனதாகத் தலையாட்டியது. "நான் ஜெயிலுக்குப் போகவில்லை துவான், ஆலைக்குத்தான் போனேன்." தாப்பாவுக்கு அப்பால் இரண்டு கட்டை கேட்டது, பஸ்ஸை நிறுத்தி இறங்கச் சொன்னது, மீன்காரர் ரேடியோவைத் திறந்தது, பெரியப்பா ஈயக் குழியில் ஒளிந்தது வரைக்கும் (காது அடைத்திருந்தபோது நடந்ததையெல்லாம் ஆபீசுக்கு வரும் வழியில் நான் சொல்லியிருந்தேன்). எல்லாம் மலாயில். வார்த்தை கிடைக்காத இடத்தில் கையால் சொன்னார்.

ஆபீசரின் தோள் குலுங்கியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு கட்டையை எடுத்து, தானே டப்பாவில் போட்டு, மூடி, இரு கையாலும் அவரிடம் கொடுத்தார்.

அவர் வயரை மாட்டிக்கொள்ளும்வரை காத்திருந்தார். மெதுவாக, நிறுத்தி, சொன்னார்:

"சுடா லுலுஸ், மாச்சிக்." பாஸாகிவிட்டீர்கள் அம்மா. மற்றதெல்லாம் முறைப்படி நடக்கும், சத்தியப் பிரமாணத்துக்குக் கூப்பிடுவோம்.

அந்தோணியம்மா ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"சக்காலி லாகி, துவான்," என்றார். இன்னொரு தடவை.

ஆபீசர் என்னைப் பார்த்தார். மெஷின் சரியில்லையோ? இல்லை என்று நான் தலையை ஆட்டினேன். கட்டை நல்ல கட்டை. அவருக்கு முதல் தடவையே கேட்டிருந்தது.

ஆபீசர் இன்னொரு தடவை சொன்னார்.

இதை எடுத்துக்கொண்டு மூன்று இன ஒற்றுமை பற்றி நாலு வரி சேர்க்கச் சொல்வார் எங்கள் பத்திரிகை ஆசிரியர். மாட்டேன். பஸ்ஸில் இருந்த யாரும் ஒற்றுமையாக இருக்க வேண்டும் என்று பையைத் திறக்கவில்லை. அந்தம்மாவுக்குக் கேட்க வேண்டும் என்று திறந்தார்கள். எனக்கு அது போதும்.

எனக்கு வேறு ஒன்று குடைந்துகொண்டிருக்கிறது. பையில் நாம் எதைச் சுமக்கிறோம் என்று இத்தனை வருஷம் பார்த்தேன். எதற்காகச் சுமக்கிறோம் என்று பார்த்தேனா? ஒரே அளவுக் கட்டை. ஒருவர் கதையிலிருந்து தப்பிக்கச் சுமந்தார். ஒருவர் தன் கதையைச் சொல்லத் தேடினார். அன்று ஆ லெக் அந்தப் பெரியப்பாவின் கதையை முழுதாகக் கேட்டிருப்பார், அநேகமாகப் பல வருஷத்தில் முதல் தடவையாக. ஈயக் குழியிலிருந்து பெரியப்பா எப்படி வெளியே வந்தார்? எனக்கு இப்போது அதுவும் தெரிந்தாக வேண்டும்...

ஈப்போ பஸ் ஸ்டாண்டு. ஹாரன், விசில், கச்சான் கடலை விற்பவர் கூவல், எங்கோ மறுபடியும் ஒரு சரவெடி. பீடோர் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. அந்தோணியம்மா படியில் ஒரு காலை வைத்து, சட்டையிலிருந்த டப்பாவின் திருகில் விரலை வைத்துக்கொண்டு திரும்பினார்.

"இன்னைக்குக் கேக்க வேண்டியதக் கேட்டாச்சு தம்பி. நீங்க ஏதாச்சும் சொல்லணும்னா இப்பவே சொல்லிருங்க, ஆஃப் பண்ணப் போறேன்."